பதினாறாவது நடை

"அப்பா, இதுக்கு யாரு சொன்னாங்க?"

ஆறு வயது சத்யப்பிரியா கேட்ட கேள்வி இது. ஆயுத பூஜைக்காக அவளை வேணுகோபால் தன் ஆலைக்கு அழைத்து வந்திருந்தார். அரியலூருக்குக் கிழக்கே இருந்த வேதவல்லி சிமெண்ட் ஆலைக்கு அவர் பொது மேலாளர். மேசை மேல் இருந்த புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் போட்டிருந்தார்கள். சுரங்கத்திலிருந்து எத்தனை லாரி சுண்ணாம்புக்கல் மேலே வந்தது, யார் ஓட்டினார், எத்தனை டன் என்று திரையில் வரிவரியாக ஓடியது.

"இதுக்கு எல்லாம் தெரியும் பாப்பா" என்றார் வேணுகோபால்.

"தெரியும், சரி. யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேண்டாம். அதுவே பாத்துக்கும்."

குழந்தை வாயில் பொரியை வைத்துக்கொண்டு, நம்பாத முகத்தோடு அந்தப் பெட்டியையே பார்த்தது. அவர் சிரித்துவிட்டு மறந்துபோனார்.

அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது. அப்போது அவர் தன் ஆபீஸ் வாசற்படியில் மல்லாந்து கிடந்தார். முகமெல்லாம் ரத்தம். அது அவருடைய ரத்தம் இல்லை.

வேணுகோபால் கெட்ட மனிதர் இல்லை. சனிக்கிழமை தவறாமல் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்த பிறகுதான் பல்லில் பச்சைத் தண்ணீர் படும். 1995-இல் சுரங்க எஞ்சினியராக வந்து சேர்ந்த புதிதில் காலை ஏழு மணிக்கே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவார். டிரைவர்களோடு நின்று டீ குடிப்பார். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் வளைகாப்பு என்பதெல்லாம் கல்லைப் பற்றிய பேச்சோடு பேச்சாகக் காதில் விழும். சுரங்கப் பாதை எவ்வளவு செங்குத்து என்பதைக் காகிதத்தில் பார்த்தால் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. ஒன்பதாம் நம்பர் டிப்பர் ஓட்டிய ராசாங்கம்தான் கற்றுக்கொடுத்தான்.

"மாடு மாதிரிங்க சார் இது. கிளட்ச்ச ஒதைக்காதீங்க, கோச்சுக்கும்."

"நீ திட்டினா மட்டும் கோச்சுக்காதா?"

"நான் தாலி கட்டாத புருஷன் சார் அதுக்கு. பழகிப்போச்சு."

ஒரே மாதத்தில் பழகி, பெரம்பலூருக்குப் போய் கனரக லைசென்சும் வாங்கிவந்தார்.

பதவி உயர உயர அவர் குழிக்குள் இறங்குவது குறைந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் நின்றே போனது. ஒவ்வொரு டிரைவருக்கும் பெயர் போட்ட பிளாஸ்டிக் கார்டு ஒன்று கொடுத்தார்கள். சுரங்கத்திலிருந்து ஏறிவரும் சாய்வு முடியும் இடத்தில் எடை மேடை. லாரியை அதில் நிறுத்திக் கார்டைத் தேய்த்தால் எடை பதிவாகும், சீட்டு வரும், தடுப்புக் கட்டை தூக்கும். ஒருமுறை கல் ஏற்றி வந்தால் ஒரு நடை; அடுத்த நொடி அது வேணுகோபாலின் திரையில் தெரியும். அதே நொடி சென்னைத் தலைமை அலுவலகத்திலும் தெரியும். சரியாக இருந்தால் பச்சை. கோளாறு என்றால் சிவப்பு.

வந்த முதல் மாதமே அது ஒரு டீசல் திருட்டைப் பிடித்துக் கொடுத்தது. மூன்று வருஷமாக எந்த மனிதக் கண்ணுக்கும் அகப்படாத திருட்டு. அன்றிலிருந்து அவருக்கு அந்தத் திரை மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. முன்பு நாலு பேரைக் கேட்டு நாலு நாள் யோசித்து எடுத்த முடிவுகளை இப்போது நாலு நிமிஷத்தில் எடுத்தார். சென்னையில் பாராட்டினார்கள்.

2004, பங்குனி முதல் வாரம். காலை பத்து மணிக்குச் சென்னை டைரக்டர் போனில் வந்தார்.

"வேணு, உங்க சுரங்கத்துல பேய் லாரி ஓட்டுது. பாத்தீங்களா?"

"சார்?"

"பிச்சைமுத்துன்னு ஒரு டிரைவர். வருகைப் பதிவுல பதினஞ்சு நாளா ஆளே இல்ல. ஆனா தினம் ஒரு நடை கல்லு அவன் கார்டுல மேல வருது. ஒருநாள் நாலாம் நம்பர் லாரி, ஒருநாள் இருபத்திரெண்டு, ஒருநாள் பதினொண்ணு. பதினஞ்சு நாள், பதினஞ்சு லாரி, பதினஞ்சு டிரைவர். கூட்டுக் களவாணித்தனம். சாயங்காலத்துக்குள்ள என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியணும்."

வேணுகோபால் திரையைப் பார்த்தார். பதினைந்து சிவப்பு வரி. சிஸ்டம் அதிகாரி ஜெயசித்ராவைக் கூப்பிட்டார்.

"இதுல தப்பு ஏதாவது இருக்காம்மா?"

"பதிவு சரியாத்தான் சார் இருக்கு." அவள் தயங்கினாள். "ஆனா திருடறவன் நாளுக்கு ஒரு நடையா திருடுவான்? அதுவும் ஆள மாத்தி மாத்தி? நான் கீழ போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார். அரை மணி நேரம் குடுங்க."

"கேட்டா? ஆமா திருடினேன்னு சொல்லப்போறாங்களா?"

"இல்ல சார், வேற என்னமோ..."

"திரையில இருக்கேம்மா."

பத்து இருபதுக்குத் தொடங்கினார். பிச்சைமுத்துவின் கார்டையும் அந்தப் பதினைந்து பேர் கார்டையும் ஒவ்வொன்றாக முடக்கினார். பதினாறு முறை சுட்டி சொடுக்கியது. காவல் தலைவன் வைரக்கண்ணுவுக்குப் போன் செய்து, "எடை மேடைல முடக்கின கார்டு எது வந்தாலும் பிடுங்கு. ஆளை ஆபீசுக்கு இழுத்துட்டு வா" என்றார். பத்து இருபத்து நாலுக்கு எல்லாம் முடிந்தது.

எடை மேடையில் அதன் பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை. பின்னால் பலரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதை நினைக்காமல் தூங்கிய நாள் அவருக்கு அதன் பிறகு குறைவு.

பிச்சைமுத்துவின் அப்பா இறந்து அன்று பதினாறாம் நாள். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் சொந்த ஊர். விடியற்காலையில் காரியம் முடித்து, மொட்டைத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாக, மாமனார் வீட்டில் போட்ட புது வேட்டியோடு இரண்டு பஸ் மாறி நேரே எடை மேடைக்கு வந்திருந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் வெற்றிலை, பாக்கு, பூவன்பழம். ராசாங்கத்தின் ஒன்பதாம் நம்பர் லாரி மேலே ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

ராசாங்கம் மேடையில் லாரியை நிறுத்தினான். தலையை நீட்டி, "என்னடா மாப்ள, மொட்டை அம்சமா இருக்கு. இப்பத்தான் மூஞ்சின்னு ஒண்ணு தெரியுது" என்றான். பிறகு பிச்சைமுத்துவின் கார்டை எடுத்துத் தேய்த்தான்.

இயந்திரம் கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டை தூக்கவில்லை. மறுபடி தேய்த்தான். மறுபடி கத்தியது. பின்னால் சாய்வில் ஐந்து லாரிகள் சுமையோடு உறுமிக்கொண்டு நின்றன. ஹாரன் காதைக் கிழித்தது.

வைரக்கண்ணுவும் நாலு காவலாட்களும் ஓடிவந்தார்கள். கதவைத் திறந்து ராசாங்கத்தைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்தார்கள். அவன் முழங்கால் தரையில் மோதித் தோல் உரிந்தது. வைரக்கண்ணு கார்டைப் பிடுங்கிப் பெயரைப் படித்தான்.

"யாருடா பிச்சைமுத்து?"

"நான்தாங்க" என்று பிச்சைமுத்து முன்னால் வந்தான். "அது என் கார்டுதாங்க. இன்னியோட முடிஞ்சிருச்சு, குடுத்துடுங்க."

"முடிஞ்சிருச்சா? திருட்டுப் பயலே, பதினஞ்சு நாளா திருடிட்டு முடிஞ்சிருச்சுன்னா சொல்ற?"

வைரக்கண்ணு தடியை ஓங்கி அந்த மொட்டைத் தலையில் அடித்தான். முடி இல்லாத தலை. தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிச்சைமுத்து கையைத் தூக்கவில்லை, என்ன நடந்தது என்றே அவனுக்குப் புரியவில்லை. இரண்டாவது அடி காதின் மேல் விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவன் கீழே கிடந்தான். விபூதி கரைந்து சிவப்பாக வழிந்தது. வெற்றிலை மேல் காவலாட்களின் பூட்ஸ் கால் ஏறியது.

சாய்வில் நின்ற லாரிகளிலிருந்து டிரைவர்கள் குதித்தார்கள். துக்கம் கழிக்க வந்தவனை அடித்தவனை அவர்கள் மனிதனாக நினைக்கவில்லை. வைரக்கண்ணுவைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அவன் முன்பல் மூன்று எடை மேடையின் இரும்புத் தகட்டில் கிடந்தன. ஒரு காவலாளின் கால் முட்டியில் கல்லைப் போட்டார்கள். அவன் போட்ட அலறல் சுரங்கத்தின் அடித்தட்டு வரைக்கும் கேட்டது. எடை மேடை அறையின் கண்ணாடி உடைந்தது. கம்ப்யூட்டரை ஒயரோடு பிடுங்கிச் சாய்வில் வீசினார்கள். அது உருண்டு உருண்டு போய் லாரிச் சக்கரத்தில் மோதி வாயைப் பிளந்தது. "ஆபீசுக்கு வாங்கடா!" என்று யாரோ கத்தினார்கள்.

இவ்வளவும் நடந்தபோது வேணுகோபாலின் திரையில் வந்தது ஒரே ஒரு வரி: எடை மேடை, இணைப்பு இல்லை.

"லைன் போயிடுச்சு போல. பாரும்மா" என்றார் அவர் ஜெயசித்ராவிடம்.

சொல்லி வாய் மூடுமுன் முதல் கல் ஜன்னலைத் துளைத்துக்கொண்டு வந்தது. தலையளவு சுண்ணாம்புக்கல். திரையின் மேல் விழுந்து அதை மேசையோடு சாய்த்தது. ஜெயசித்ரா மேசைக்கடியில் புகுந்தாள். அவள் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வெளியே அறுபது எழுபது பேர். கடப்பாரை, ஜாக்கி ராடு, கல்.

உள்ளே இருந்தால் இந்தப் பெண்ணையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள் என்று வேணுகோபாலுக்குத் தோன்றியது. பெருமாளே என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தார். ஏதோ பேச வாயெடுத்தார். ஒரு கல் தோளில் விழுந்தது. இன்னொன்று விலாவில். படியில் தடுமாறி விழுந்தார். ஒருவன் அவர் தலைக்கு நேரே ஜாக்கி ராடைத் தூக்குவதைப் பார்த்தார். வெயில் அந்த இரும்பின் முனையில் மின்னியது. கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு உடம்பு அவர் மேல் வந்து விழுந்தது. காய்ந்த கிளையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். சூடான ரத்தம் அவர் முகத்தில் கொட்டியது.

"விடுங்கடா!" அது ராசாங்கத்தின் குரல். அவருக்கு மேலே படுத்துக்கொண்டு கத்தினான். "இந்தாளு செத்தா நம்ம அத்தன பேரும் ஆயுசுக்கும் உள்ள கெடப்போம். பிச்சமுத்துக்கு ஒரு நடை இன்னும் பாக்கி இருக்குடா! அத முடிக்காம என்னால ஜெயிலுக்குப் போவ முடியாது!"

ராடு கீழே விழுந்து படியில் உருண்டது. போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு விழுந்த அடிகள் வேறு அடிகள். ஓடியவனையும் அடித்தார்கள், நின்றவனையும் அடித்தார்கள்.

அந்தப் படியில் கிடந்தபடிதான் அவருக்கு மகளின் குரல் காதில் விழுந்தது. யாரு சொன்னாங்க?

மறுநாள் காலை சென்னையிலிருந்து போன் வந்தது.

"பன்னெண்டு பேரப் பிடிச்சிருக்காங்க. கொலை முயற்சின்னு நீங்க புகார்ல கையெழுத்துப் போடணும். கூடவே சிஸ்டம் அறிக்கையை வச்சிடுங்க. மோசடி, அதுக்காகக் கலவரம். கோர்ட்டுல இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க."

"அந்த ராசாங்கம் என்னைக் காப்பாத்தினான் சார்."

"அவன் கைலதான் அந்தக் கார்டு இருந்தது. முதல் பேரு அவன் பேருதான்."

வேணுகோபால் விலாவில் கட்டோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாக் கடைசியில் ராசாங்கத்தின் கட்டில். வலது கை முழுக்க மாவுக்கட்டு. கட்டிலோடு ஒரு சங்கிலி. தலைமாட்டில் அவன் மனைவி பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். வணங்கவில்லை.

"வாங்க சார். உக்காரச் சொல்லணும்தான். இருக்கறது ஒரு ஸ்டூலு. அதுலயும் போலீஸ்காரரு தொப்பி உக்காந்திருக்கு."

"கை எப்படிம்மா இருக்கு?"

"முட்டி மூணு துண்டாப் போயிருச்சாம். இனிமே மடங்காதாம். சோத்த இடது கையால தின்னுக்கலாம். லாரில இடது கைக்குக் கியரு வேலை இருக்குல்ல? ஸ்டியரிங்க யாரு புடிக்கிறது? நான் பக்கத்துல உக்காந்து புடிக்கட்டுமா?"

"சும்மா இரு புள்ள" என்றான் ராசாங்கம். மயக்க மருந்தில் நாக்கு தடித்திருந்தது. "சார், பிச்சமுத்து எப்படி இருக்கான்?"

"இருபத்தேழு தையல். உயிருக்குப் பயம் இல்ல. இடது காது..." அவர் நிறுத்தினார். "இடது காது கேக்காதாம்."

 "அந்த நடை ஏறிச்சா சார்?" என்றான் ராசாங்கம்.

"எந்த நடை?"

"தோள் நடை சார். பதினாறாவது."

வேணுகோபால் முழித்தார். பொன்னாயி அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவர் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் அவள் கோபம் இன்னும் கூடிற்று.

"சாவு வுழுந்த வூட்டுக்காரன் பதினாறு நாளு ஸ்டியரிங்கத் தொடமாட்டான் சார். நடை இல்லன்னா கூலி இல்ல. கூலி இல்லன்னா உலை இல்ல. அதனால கூட ஓட்டறவங்க நாளைக்கு ஒருத்தரா, அவன் பேருல ஒரு நடை அடிச்சுக் குடுப்பாங்க. தம் நடையத்தான் அவன் பேருல எழுதிக்கறாங்க. அவங்களுக்கு ஒண்ணு கொறயும். கம்பெனிக்கு ஒரு கல்லு கொறயாது. பதினாறாவது நாளு அவன் வந்து மேடைல நின்னு கார்ட வாங்கிக்கிட்டு வெத்தல பாக்கு குடுக்கணும். அதோட துக்கம் கழிஞ்சுது. அந்தப் பதினாறாவது நடை முடியலன்னா அவன் மறுபடி வண்டியத் தொடமாட்டான். சுரங்கம் தோண்டின நாள்லேருந்து இதான் நடக்குது. உங்க பொட்டிக்கு எல்லாம் தெரியும்னாங்களே, இது தெரியாதா?"

"யாரும் எங்கிட்ட சொல்லலையேம்மா."

"நீங்க கேட்டீங்களா?"



"முன்னெல்லாம் நோட்டுல பேரச் சுத்தி வட்டம் போடுவாங்களே சார்" என்றான் ராசாங்கம் மெதுவாக. "தோள் நடைன்னா ஒரு சின்ன வட்டம். நீங்ககூட அந்த நோட்ட எல்லாம் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பொட்டில எங்க வட்டம் போடறதுன்னு எங்களுக்குத் தெரியல. கார்டயே மாத்திக்கிட்டா சரியாப் போவும்னு நெனச்சுட்டோம்."

வட்டம். வேணுகோபாலுக்கு நினைவு வந்தது. எடை மேடையின் பழைய நீள நோட்டில், அழுக்கு விரல் தடங்களுக்கு நடுவே, சில பெயர்களைச் சுற்றி நீல மையில் சின்னச் சின்ன வட்டங்கள். குமாஸ்தா சரிபார்த்ததற்கான அடையாளம் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஏற்றினார்கள். பெயர் ஏறியது, எடை ஏறியது, தேதி ஏறியது. வட்டத்தை விட்டுவிட்டார்கள்.

"ஏன் ராசாங்கம் எம்மேல வந்து விழுந்த?"

ராசாங்கம் சிரிக்கப் பார்த்தான், வலித்தது. "நம்மகிட்ட வண்டி பழகின ஆளு சார் நீங்க. அடிக்க வுட்டுட்டு நிக்க முடியுமா?"

பொன்னாயி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஸ்டூலிலிருந்து போலீஸ்காரரின் தொப்பியை எடுத்து ஜன்னலில் வைத்தாள். "நிக்காதீங்க, விலாவுல அடிபட்டிருக்கு. உக்காருங்க" என்றாள். கூஜாவிலிருந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து குடித்தார்.

அன்று வீட்டுக்குப் போகாமல் ஆலைக்கே வந்தார். கண்ணாடி இல்லாத ஜன்னலருகே உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் தொடாமல், வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதினார். நடந்தது மோசடி இல்லை. ஒரு துக்க வீட்டுக்குச் சகதொழிலாளிகள் தங்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். கேட்க வேண்டும் என்று சிஸ்டம் அதிகாரி சொன்னார், நான் மறுத்தேன். திரை எனக்குப் பொய் சொல்லவில்லை. அது பார்த்ததைச் சொன்னது. முடிவு என்னுடையது, நான்கு நிமிடத்தில் எடுத்தது. முதல் அடி நம் ஆள் அடித்தது. கொலை முயற்சி என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னைத் தாக்கியவர் யாரென்று நான் பார்க்கவில்லை. காப்பாற்றியவரைப் பார்த்தேன்.

ஜாக்கி ராடைத் தூக்கியவன் முகத்தை அவர் பார்த்திருந்தார். அந்த ஒரு பொய்யைப் பெருமாளின் கணக்கில் விட்டுவிட்டார்.

கடிதத்தின் ஒரு பிரதியைப் போலீசுக்கும் கொடுத்தார். சென்னையிலிருந்து மறுநாள் மதியம் போன் வந்தது. டைரக்டர் கத்தவில்லை. "கோயில் தேர் ஓடற அன்னிக்கு ஆலை அரை நாள்தானே? அன்னிக்கோட நீங்க பொறுப்ப ஒப்படைச்சிடுங்க வேணு" என்று மட்டும் சொன்னார்.

வழக்கு வெறும் அடிதடி வழக்காகச் சுருங்கியது. எட்டாம் நாள் பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ராசாங்கத்தின் சங்கிலியை அவிழ்த்தார்கள். ஒப்படைக்குமுன் வேணுகோபால் கடைசியாக ஒரு உத்தரவு போட்டார்: ராசாங்கத்துக்கு எடை மேடையிலேயே வேலை. சீட்டைச் சரிபார்க்க இடது கை போதும்.

பிச்சைமுத்து ஒருநாள் தலைக்கட்டோடு வந்து, வாசலில் நின்று, கேட்காத காதைத் திருப்பித் திருப்பி எல்லாரோடும் பேசிவிட்டுப் போனான். லாரியைத் தொடவில்லை. "ஒண்ணு பாக்கி இருக்குல்ல" என்றானாம். மற்றவர்கள் அந்த நடையை அடிக்கத் தயார்தான். ஆனால் அது ராசாங்கத்தின் முறை. கல்லும் அவன் ஏற்றிய கல். ஒன்பதாம் நம்பர் லாரி சுமையோடு போலீஸ் பிடியில் எடை மேடையை ஒட்டி நின்றது. கார்டோ, சாட்சிப் பொருள் என்று உறை போட்டு வேணுகோபாலின் இழுப்பறையில் கிடந்தது. இரண்டையும் போலீஸ் விடுவித்தது தேருக்கு முந்தின நாள்.

தேர் அன்று பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. சுரங்கம் காலியானது. எல்லாரும் கல்லங்குறிச்சிக்குப் போனார்கள். வருஷா வருஷம் வேணுகோபாலும் வடம் பிடிப்பார். அன்று போகவில்லை. வடம் பிடிக்க ஆயிரம் கை இருக்கிறது, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். வாசல் காவலாளையும், "நீயும் போயிட்டு வாப்பா, நான் இருக்கேன்" என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் வரைக்கும் அவருடைய பாஸ்வேர்டுக்கு உயிர் இருந்தது. ஆபீசிலும் எடை மேடையிலும் புதுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். தன் திரையில் பிச்சைமுத்துவின் பெயரைத் தேடி எடுத்து முடக்கத்தை நீக்கினார். இழுப்பறையிலிருந்து கார்டை எடுத்தார். ஓரத்தில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. வேட்டி முனையை நனைத்து, பெயர் தெரிகிற அளவு துடைத்தார். சாவிப் பலகையில் ஒன்பதாம் நம்பர் சாவி தொங்கியது.

லாரியின் முன் கண்ணாடி உடைந்திருந்தது. ஏறி உட்கார்ந்தபோது விலா வலித்தது. முதல் திருகலுக்கு வண்டி முனகியது. இரண்டாவதுக்கு இருமியது. மூன்றாவதில் உயிர் வந்து உறுமியது. கிளட்சை உதைக்காமல் மெல்ல விட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. இருபதடி தூரம்தான், எடை மேடையில் ஏறி நின்றது. உடைந்த கண்ணாடி வழியாக அனல்காற்று முகத்தில் அடித்தது. கையை வெளியே நீட்டிக் கார்டைத் தேய்த்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. கட்டை தூக்கியது.

லாரியைக் கிரஷர் வரைக்கும் ஓட்டிப்போய்க் கல்லைக் குழியில் கவிழ்த்தார். மூன்று வாரம் வெயிலில் கிடந்த கல், ஒரு பெரும் சத்தத்தோடு இறங்கியது. தூசி எழும்பி அடங்கியது. தூரத்தில் தேருக்குப் போட்ட வேட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்து லாரியை அதே இடத்தில் நிறுத்தினார். சாவியைப் பலகையில் மாட்டினார். கார்டைப் பிச்சைமுத்து வந்து வாங்கிக்கொள்ள எடை மேடை அறையில் வைத்தார். திங்கட்கிழமை எடை மேடைப் பலகையில் நடைப் பட்டியல் ஒட்டுவார்கள். பிச்சைமுத்து, ஒன்று என்று அதில் இருக்கும். யார் ஓட்டியது என்று இருக்காது.

எடை மேடை இயந்திரத்தின் வாயில் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டில் இருந்த பெயரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டார். மற்ற சீட்டுகள் கிடந்த பெட்டிக்குள் அதையும் போட்டுவிட்டு, வெயிலில் நடந்து போனார்.